நல்ல இலை போன ஊர்

(இணைய நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

லண்டனில் இப்போது ஞாயிறு மதியம். ஊரில் இருப்பவர்களுக்குச் சாயங்காலம். நேற்று இரவு வார்டில் பணி முடித்து, காலையில் சபைக்கும் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கையில் ஒரு கோப்பை இருக்கிறது. நடுவில் நிறுத்திக் குடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நல்ல தேநீர் போடுவது எப்படி என்று பேசச் சொல்லித்தான் கேட்டார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் விஷயம். எந்த இலை, எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம் என்று சொன்னால் போதும். ஆனால் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது வேறொரு கேள்வி குறுக்கே வந்தது. நாம் ஏன் தேநீரை இப்படிப் போடுகிறோம்? தூளைப் பாத்திரத்தில் கொட்டி, கறுக்கக் கறுக்கக் கொதிக்கவிட்டு, சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடிக்கிறோம். இந்தக் கைப்பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? தேடிப் போனால் அது நூற்றைம்பது வருடக் கதையாக இருக்கிறது. அதற்குள் எங்கள் வீட்டுக் கதையும் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2011-இல் என் இரண்டாவது பிள்ளையின் பேறுகாலத்துக்காக அம்மா கூடலூரிலிருந்து இங்கே கிங்ஸ்பரிக்கு வந்தார். அம்மாவுக்கு நல்ல தேநீர் கொடுக்க வேண்டும் என்று கிங்ஸ்பரி ரோட்டில் இருக்கும் தமிழ்க் கடையில் நுவரெலியா இலைத் தேயிலை ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தேன். பீங்கான் பானையை வெந்நீரில் கழுவிச் சூடாக்கி, இலையைப் போட்டு, கொதிக்கிற நீரை ஊற்றி, மூடி, நான்கு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து வடித்துக் கொடுத்தேன். பொன் நிறத்தில் அழகாக இருந்தது. அம்மா ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னாடி இது, சாயமே இல்ல. ஏனம் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு."

"அம்மா, இது நீ பறிச்ச கொழுந்துதாம்மா."

அம்மா கோப்பையை மறுபடி எடுத்து முகர்ந்து பார்த்தார். "நான் பறிச்சது இப்படியா இருக்கும்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். இலங்கையில் ஏழு வருடம், நீலகிரியில் முப்பது வருடத்துக்கு மேல் கூடை சுமந்தவர். அந்தக் கொழுந்து முழு இலையாகத் தேறி வந்தால் என்ன ருசி இருக்கும் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது. (அம்மா இந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோச்சுக்காதம்மா, இதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.)

நம் ஆட்கள் இலங்கைக்குப் போனது தேயிலைக்காக அல்ல, காப்பிக்காக. 1820களிலிருந்தே திருச்சி, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கங்காணிகளோடு போகத் தொடங்கிவிட்டார்கள். கடலைக் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளை, கண்டி என்று ஏறினார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். காப்பிக்கு ஒரு பருவம் உண்டு. பழம் பறித்து முடிந்தால் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பலாம். வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள்.

1867-இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துர என்ற தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். முதலில் தன் பங்களாத் திண்ணையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டவைத்து, மண் அடுப்பில் கரிநெருப்பு மூட்டிக் காயவைத்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்து, 1869-இல், காப்பி இலையில் துரு நோய் வந்தது. அடுத்த இருபது வருடத்துக்குள் காப்பி ஒழிந்து மலைகளெல்லாம் தேயிலையானது. 1873-இல் டெய்லரின் தேயிலை லண்டனுக்கு வந்தபோது மொத்தம் 23 ராத்தல்தான். இன்றைய கணக்கில் பத்தரைக் கிலோ. எங்கள் சபையில் ஒரு பண்டிகைக்கு வாங்கும் தேயிலையைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

காப்பி போய்த் தேயிலை வந்ததும் நம் சனங்களின் வாழ்க்கையே மாறியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஏழு, எட்டு நாளுக்கு ஒரு முறை அதே செடியில் மறுபடி கொழுந்தெடுக்க வேண்டும், வருடம் முழுவதும். எடுக்காவிட்டால் இலை முற்றிவிடும். அதனால் ஆள் வருடம் பூராவும் மலையிலேயே இருக்க வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் பிள்ளைகள் வருவார்கள். பருவகாலக் கொட்டகையாக இருந்த லயம் இப்படித்தான் தலைமுறைகளின் வீடானது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, முன்னால் ஒரு திண்ணை. விடிவதற்கு முன் பெரட்டுக் களம், பிறகு மலை, மட்டக்கம்பை வைத்து மட்டம் பார்த்துக் கொழுந்தெடுப்பது, மாலையில் நிறுவை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி'யில் மருதி போய்ச் சேரும் உலகம் இதுதான். தெளிவத்தை ஜோசப்பின் கதைகளில் அந்த லயத்து அறையின் நெருக்கம் மூச்சு முட்டும்.

நிறுத்த கொழுந்து பாக்டரிக்குப் போகும். அங்கே நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நம் கோப்பைக்கு என்ன வந்து சேர்கிறது என்பது அங்கேதான் முடிவாகிறது.

முதலில் வாட்டுவார்கள். மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி, பன்னிரண்டு மணி நேரம்போலக் காற்றில் விட்டால் ஈரம் பாதி வற்றித் துவளும். பிறகு உருட்டுவார்கள். உருட்டும்போது இலையின் செல்கள் நசுங்கிச் சாறு வெளியே வரும். அந்தச் சாறு காற்றோடு சேர்ந்து பச்சை நிறம் செம்பு நிறமாகும். அதைப் புளிக்கவைப்பது என்று சொல்வார்கள். உண்மையில் புளிப்பு அல்ல, வெட்டிவைத்த ஆப்பிள் பழுப்பதுபோல ஒரு மாற்றம். கறுப்புத் தேயிலைக்கு நிறமும் துவர்ப்பும் மணமும் அங்கேதான் பிறக்கின்றன. பதம் வந்ததும் சூட்டில் காயவைத்து அந்த மாற்றத்தை நிறுத்துவார்கள். கடைசி வேலை சலிப்பது.

அடுக்கடுக்காகச் சல்லடைகள். மேலே நிற்பது நீள இலை, அது ஓ.பி. அதற்குக் கீழே உடைந்த இலை, பி.ஓ.பி. அதற்கும் கீழே சிறு துணுக்கு, பி.ஓ.பி.எஃப். அடியில் விழுவது டஸ்ட், நம் பாஷையில் தூள். பி.ஓ.பி. என்பதில் உள்ள 'ஆரஞ்சு' பழத்தைக் குறிப்பதல்ல. இந்தப் பெயர்கள் இலையின் அளவைச் சொல்பவையே தவிர ருசியைச் சொல்பவை அல்ல. ஒரே செடியில், ஒரே நாளில், ஒரே கை பறித்த கொழுந்திலிருந்துதான் நான்கும் வருகின்றன.

ஆனால் நான்கும் ஒரே இடத்துக்குப் போகவில்லை. மேல் சல்லடைகளில் நின்றவை பலகைப் பெட்டியில் ஈயத்தாள் விரித்து அடைக்கப்பட்டு லண்டனுக்குக் கப்பலேறின. லயத்துக்கு வந்தது தூளும், காம்பும் நாருமாகக் கழிந்த சக்கையும்தான் என்று அம்மா சொல்வார். அதை எப்படிக் குடிப்பது? பானையில் ஊறவைத்து மணம் பார்த்துக் குடிக்க அதில் மணம் கிடையாது. கொதிக்கவிட்டால் சாயம் இறங்கும். தூள் சிறியது, நீர் படும் பரப்பு அதிகம், அதனால் ஒரு நிமிடத்தில் கறுத்துவிடும். ஒரு கைப்பிடித் தூளில் ஒரு லயத்துக்கே தேத்தண்ணி ஊற்றலாம். துவர்ப்பை மறைக்கச் சீனி வேண்டும். சீனியும் அளவுதான். அதனால் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு. அதற்குச் சாயத்தண்ணி என்று பெயர். அந்தப் பெயரில் எந்த ஒளிவுமறைவும் இல்லை. சாயம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது.

பெயர் என்றதும் ஒரு விஷயம். தேயிலை, தேத்தண்ணி என்பதில் இருக்கும் 'தே', தென்சீனத்து ஹொக்கியன் பேச்சிலிருந்து கடல் வழியாகப் போன சொல். ஆங்கிலத்தின் 'டீ'யும் அதுதான். 'சாயா' என்பது வடசீனத்துச் 'சா' தரை வழியாகப் போய் வந்தது. கூடலூரில் எங்களுக்கு இரண்டும் உண்டு. வீட்டில் தேத்தண்ணி, மலையாளத்தார் கடையில் கட்டன்சாயா.

லண்டன் பக்கம் வருவோம். மின்சிங் லேன் என்று நகரத்தின் நடுவில் ஒரு சிறிய தெரு. உலகத்துத் தேயிலை வியாபாரத்தின் தலைமையிடமாக அது நெடுங்காலம் இருந்தது. லண்டனில் முதல் தேயிலை ஏலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1679-இல் நடத்தியது. அப்போது சீனத் தேயிலை மட்டும்தான். 1880களின் முடிவில் இந்திய, இலங்கைத் தேயிலைகள் சீனத்தை முந்திவிட்டன. 1890-இல் தாமஸ் லிப்டன் இலங்கைக்குப் போய்த் தோட்டங்களை வாங்கி, தோட்டத்திலிருந்து நேரே உங்கள் பானைக்கு என்று விளம்பரம் செய்து விற்றார். நடுவில் இருந்த நிறுவையும் பெரட்டும் விளம்பரத்தில் இல்லை.

நான் இருக்கும் கிங்ஸ்பரிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பக்கத்து ஊர் வெம்பிளி. 1924, 1925 இரண்டு வருடமும் அங்கே பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சி நடந்தது. இப்போது பந்தாட்டம் நடக்கும் இடத்தில் இருந்த பழைய அரங்கம் அதற்காகக் கட்டியதுதான். இலங்கைக்கும் அங்கே ஒரு மண்டபம் இருந்தது. அந்தக் கண்காட்சிக்குப் பிறகுதான் இந்தப் பக்கத்து வயல்களெல்லாம் வீடுகளாயின. கிங்ஸ்பரி ரயில் நிலையம் திறந்தது 1932 டிசம்பரில். நான் குடியிருக்கும் வீடும் அந்த வரிசை வீடுகளில் ஒன்று. இலங்கைத் தேயிலையைப் பானையில் ஊற்றிக் குடிக்கும் ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய சமையலறையில் இப்போது நான் நிற்கிறேன். ஒரு பக்கத்து வீட்டில் குஜராத்தி ஆன்ட்டி, நைரோபியிலிருந்து வந்தவர், இஞ்சி தட்டிப் போடுகிறார். இன்னொரு பக்கம் யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிளேன்டீ.

இந்த நாட்டுக்காரர்கள் தேநீரை எவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வார்கள் என்பது வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. வார்டில் கெட்ட செய்தி சொன்னால் தேநீர், நல்ல செய்தி சொன்னால் தேநீர். வயதான நோயாளி ஒருவருக்கு நான் பாலையும் பையையும் தண்ணீரையும் ஒன்றாகப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பொறுமையாக, "சிஸ்டர், உட்காருங்கள், சொல்கிறேன்" என்று பானையைச் சூடாக்குவதிலிருந்து தொடங்கிச் சொன்னார். போர்க்காலத்தில் பிறந்தவர். 1940-இலிருந்து 1952 வரை இங்கே தேயிலைக்கு ரேஷன். தொடக்கத்தில் ஒரு ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், 57 கிராம். அவருடைய அம்மா இலைகளை எண்ணிப் போடுவாராம். நான் எந்த ஊர் என்று கேட்டார். நீலகிரி, அம்மா கொழுந்து பறிப்பவர் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் நான் உங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். எங்கள் வீட்டில் அதைக் குடித்ததே இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

அந்த ரேஷன் காலத்தில்தான், 1946 ஜனவரியில், ஜார்ஜ் ஆர்வெல் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் தேநீர் போடுவதற்குப் பதினொரு விதிகள் எழுதினார். இந்தியத் தேயிலையோ இலங்கைத் தேயிலையோதான் வேண்டும் என்பது முதல் விதி. ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் பானைக்குக் குவித்து ஆறு தேக்கரண்டி போடச் சொல்கிறார். ரேஷன் கணக்குக்கு வாரத்தில் மூன்று, நான்கு பானைதான் தேறும். தேநீரை ஊற்றிய பிறகுதான் பால், சர்க்கரை கூடவே கூடாது. அவர் பிறந்தது நம் பீகாரில், மோதிஹாரியில் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2003-இல் அவருடைய நூற்றாண்டு வந்தபோது பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம், பாலைத்தான் முதலில் ஊற்ற வேண்டும், கடைசியில் ஊற்றினால் பாலின் புரதம் சூட்டில் கெடுகிறது என்று ஒரு குறிப்பு வெளியிட்டது. சண்டை இன்னும் ஓயவில்லை. நான் அதில் தலையிடுவதில்லை.

தமிழ்நாட்டில் தேநீர் வந்த வழி வேறு. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். காப்பி நடுத்தர வர்க்கத்தின் கௌரவமாக ஆனது. தேநீர் உழைப்பவர்களின் பானமானது. தேயிலைக்காரர்கள் வண்டியிலும் சந்தையிலும் இனாமாக ஊற்றிக் கொடுத்து, ரயில் நிலையங்களில் பலகை வைத்து, இப்படிப் போடு என்று சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தது பானை முறை. நம் ஆட்கள் கேட்டுக்கொண்டு, தூளைத் துணி வடிகட்டியில் போட்டு, பாலைச் சேர்த்து, இரண்டு குவளைக்கு நடுவே ஒரு முழம் உயரத்துக்கு ஆற்றிக் குடித்தார்கள். 1930-இல் அஸ்ஸாமில் மெக்கர்ச்சர் என்பவர் சி.டி.சி. இயந்திரத்தைக் கொண்டுவந்தார். கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும் இயந்திரம். ஒரு கிலோவில் அதிகக் கோப்பை, அதிக நிறம். இன்று நம் டீக்கடையில் கொதிப்பது அந்தக் குருணையும் தூளும்தான். அதை மட்டமாகச் சொல்ல மாட்டேன். பாலுக்கு அதுதான் சரி. நுவரெலியா இலையைப் பாலில் கொதிக்கவிட்டால் இரண்டும் வீண்.

அம்மாவின் கதைக்குத் திரும்புகிறேன். இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-இலேயே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பாக்டரியில் தேயிலையைச் சலித்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருந்திருக்காது. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை.

அம்மா பிறந்தது புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டம். 1973-இல், இருபத்தோரு வயதில், கல்யாணமான புதிதில் வந்தார். தோட்டங்களில் பட்டினி தொடங்கிய வருடம் அது. கம்பளையில் கோச்சி ஏறும்போது மேடையில் நின்றவர்கள் ஒப்பாரி வைத்தார்கள், செத்த வீட்டுக்கு வைப்பதுபோல. தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல், ராமேசுவரம், மண்டபம் முகாம், கையில் குடும்ப அட்டை, பிறகு நீலகிரி. தகரப் பெட்டியில் இரண்டு சேலை, ஒரு பைபிள், இரண்டு ராத்தல் தேயிலைத் தூள். தேயிலை விளையும் மலைக்குத்தான் போகிறோம் என்று தெரிந்தும் தூளைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-இல் தமிழக வனத்துறை நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. அதுவே 1976-இல் டான்டீ என்று எல்லோரும் சொல்லும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கேயும் தனியார் தோட்டங்களிலும் மறுபடி கூடையை மாட்டிக்கொண்டன. ஊர்க்காரர்கள் எங்களைச் சிலோன்காரங்க என்றார்கள். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். எங்கள் வீட்டிலும் தூள்தான். அடுப்பில் எப்போதும் ஒரு கறுத்த பாத்திரம். காலையில் ரொட்டியும் சாயமும், பத்து மணிக்குச் சாயம், சோற்றுக்குப் பிறகு சாயம்.

ஒரு நர்சாக இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நர்சிங் டிப்ளமோ படித்தபோது தோட்டங்களுக்கு முகாம் போவோம். விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்ப்போம். கொழுந்தெடுக்கும் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சோகை. விடுமுறையில் வீட்டுக்குப் போய் அம்மாவுக்குப் பார்த்தேன், ஹீமோகுளோபின் 8. அந்த அளவோடு அவர் தினமும் செங்குத்து மலையில் ஏறிக்கொண்டிருந்தார். காரணம் பல. அடுத்தடுத்துப் பிள்ளைப்பேறு, கறியும் முட்டையும் இல்லாத சாப்பாடு, வெறுங்காலில் ஏறும் கொக்கிப்புழு. கொக்கிப்புழு பழைய வியாதி. 1916-இலேயே ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் அதற்கு மருத்துவம் தொடங்கியிருக்கிறது. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' 1969-இல் வந்தது. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். அதைப் படித்தபோது எங்கள் முகாம் நோட்டைப் படிப்பதுபோலவே இருந்தது.

இந்தக் காரணங்களோடு இன்னொன்றும் உண்டு. தேநீரின் துவர்ப்புப் பொருள்கள், கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்துவிடும். தூளைப் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு அதிகம் இறங்கும். அதைச் சாப்பாட்டோடு குடித்தால் உள்ள கொஞ்சத்தையும் இழப்போம். கறி, மீன் நிறையச் சாப்பிடுபவருக்கு இது பெரிய நட்டமில்லை. ரொட்டியும் சாயமும் மட்டும் சாப்பிடுபவருக்கு நட்டம்தான். ஆகவே சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் சாப்பாடும் தேநீரும் ஒரே மேசையில் வைப்பார்கள். நான் அங்கே நின்று கர்ப்பிணிகளை மிரட்டிக்கொண்டிருப்பேன்.

சரி, கேட்ட விஷயத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. வீட்டில் கறுப்புத் தேநீராகக் குடிக்க, பை வேண்டாம், இலையாக வாங்குங்கள். எந்த மாவட்டம் என்று எழுதியிருக்கிற டப்பாவாகப் பாருங்கள். நுவரெலியா மென்மை, நிறம் வெளிறி இருக்கும். டிம்புள்ள நடுத்தரம், ஜனவரி முதல் மார்ச் வரை பறித்தது நல்லது. ஊவா ஜூலை முதல் செப்டம்பர் வரை, மூக்கில் ஏறும் ஒரு காரம் உண்டு. தாழ்ந்த மலைகளின் ருகுணை கறுப்பும் கனமும். நம் நீலகிரியில் டிசம்பர், ஜனவரி பனிக்காலத்து இலைக்கு ஒரு பூ வாசம் வரும். எனக்கு அதுதான் பிடிக்கும், ஊர்ப்பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லி நீருக்கு 2 முதல் 2.5 கிராம், அதாவது பி.ஓ.பி.எஃப். என்றால் தட்டிய ஒரு தேக்கரண்டி. நீள இலை பஞ்சுபோல இருக்கும், அதற்குக் குவித்து இரண்டு. தண்ணீர் புதிதாகப் பிடித்து, தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றுங்கள். துணுக்குக்கு மூன்று நிமிடம், நீள இலைக்கு ஐந்து. முடிந்ததும் இலையை வடித்துவிட வேண்டும், பானைக்குள் விட்டால் கசக்கும். தேயிலையை ருசி பார்ப்பவர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு உலகத் தரமே 1980-இல் எழுதியிருக்கிறார்கள். 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிடம். அது குறையைக் கண்டுபிடிக்கிற அளவு, குடிக்கிற அளவு அல்ல. அதே காலத்துப் பிரிட்டிஷ் தரக் குறிப்புக்கு 1999-இல் இக்நோபல் என்ற கேலிப் பரிசு கொடுத்தார்கள்.

லண்டன்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இங்கே தண்ணீர் கடினமானது, சுண்ணாம்பு அதிகம். ஊரில் மணத்த அதே இலை இங்கே மந்தமாக இருக்கும், மேலே ஒரு ஆடை படியும். அந்த ஆடையை இம்பீரியல் கல்லூரியின் மைக்கேல் ஸ்பைரோ 1993-இல் ஆராய்ந்து எழுதினார். தண்ணீரின் கால்சியமும் தேயிலைச் சாறும் காற்றும் சேர்ந்து உண்டாவது அது. வடிகட்டிய தண்ணீர் பயன்படுத்தினால் போய்விடும். அல்லது இரண்டு சொட்டு எலுமிச்சை. எலுமிச்சை இரும்புச்சத்துக்கும் நல்லது.

லண்டன் ஏலம் 1998 ஜூன் 29-ஆம் தேதி கடைசியாக நடந்து மூடப்பட்டது. அதற்குள் கொழும்பு, கொல்கத்தா, மொம்பாசா ஏலங்களே போதுமானதாகிவிட்டன. கடைசியாக விற்ற பெட்டி இலங்கை ஹெல்பொட தோட்டத்தினுடையது. 44 கிலோ, கிலோ 555 பவுண்ட், மொத்தம் 24,420 பவுண்ட். நல்ல காரியத்துக்காக ஏற்றிவிட்ட விலை அது. ஹெல்பொட இருப்பது புசல்லாவைப் பக்கம். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "எங்க தோட்டத்துல நின்னா அந்த மலை தெரியும்" என்றார். விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

2011-இல் அம்மா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், விடியற்காலையில் குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்தேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. அம்மா பீங்கான் பானையில் அந்த நுவரெலியா இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, மூடியைத் திறந்து, முகத்தை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "கொழுந்து வாட்டுற மாடியில இப்படித்தான் வாசம் வரும்டி. வெளிய நின்னு மோந்திருக்கேன், உள்ள விடமாட்டாங்க" என்றார். அரைக் கோப்பை குடித்தார், சர்க்கரை இல்லாமல். பிறகு மீதியை எனக்கு ஊற்றிவிட்டு, அடுப்பில் பாத்திரத்தை வைத்துத் தூளைக் கொட்டினார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பேசிக்கொண்டே இருந்ததில் இது ஆறிவிட்டது, வேறு போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன்.